ஒரே மண்ணுக்கு எத்தனை ஆய்விதழ்கள்?

வெள்ளாற்றங்கரையில் இருக்கும் திட்டக்குடிக்கும் அதற்குக் கிழக்கே விருத்தாசலத்துக்கும் இடைப்பட்ட நிலத்தைப் பற்றி அச்சேறிய ஆய்வுகளை ஒருவர் திரட்டப் புகுந்தால், ஒரே அலமாரியின் முன் நின்று அந்த வேலையை முடித்துவிட முடியாது. பாறையும் புதைபடிவமும் பற்றியவை நிலவியல் இதழ்களில் கிடைக்கும். களிமண்ணைச் சூளையில் இட்டால் அது எப்படிச் சுருங்கும், எந்த நிறம் கொள்ளும் என்பவற்றைச் செராமிக் இதழ்களில் தேட வேண்டும். கோயில் சுவர்களில் வெட்டப்பட்டவை தொல்லியல் இதழ்களுக்குப் போயிருக்கும். முந்திரியும், இப்பக்கத்தார் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலையும் வேளாண் இதழ்களுக்கு உரியவை. காலடியில் இருப்பது ஒரே மண்தான். ஆனாலும் ஓர் இதழுக்கு உரிய கட்டுரையை இன்னோர் இதழ் வாங்காது. ‘நோக்கமும் பரப்பும்’ என்ற தலைப்பில் ஒவ்வோர் இதழும் முதல் பக்கங்களில் அச்சிடும் குறிப்பு இந்தப் பிரிவினையைச் செய்கிறது. கட்டுரை அனுப்புவோர் பெரும்பாலும் படிக்காமல் கடந்துபோகும் பக்கம் அது. அறிவைக் கூறு போடும் வேலி என்று அதைக் குறை சொல்வோர் உண்டு. என் கருத்து அதற்கு நேர்மாறானது. எந்த வகைச் சான்றை ஏற்பது, அதைச் சரிபார்க்கத் தகுதி உள்ளவர் யார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஓர் இதழ் முன்கூட்டியே தரும் வாக்குறுதிதான் பொருள் எல்லை. அந்த வாக்குறுதி கறாராக இருக்கும் இதழில்தான் பெயரும் பதவியும் இல்லாத எளிய ஆய்வாளனுக்கும் இடம் கிடைக்கிறது. எல்லாத் துறைக்கும் இடம் உண்டு என்று அறிவிக்கும் இதழ் கடைசியில் அவனைத்தான் ஏமாற்றுகிறது.

நிலவியலிலிருந்து தொடங்குவோம். 1840களில் கே, கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேயர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் கடல்வாழ் உயிர்களின் கல்லான எச்சங்களைத் திரட்டினார்கள். கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் நிலத்தில் சிப்பியும் நத்தையும் கல்லாகக் கிடந்தது அன்றைய அறிவுலகுக்குப் பெருஞ்செய்தி. அவற்றை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து எழுதிய அறிக்கை லண்டன் நிலவியல் கழகத்தின் இதழில் 1846-இல் வெளிவந்தது. பிறகு இந்திய நிலவியல் ஆய்வுத்துறை இந்தப் பொறுப்பை ஏற்றது. அது தன் வெளியீடுகளை வகுத்துக்கொண்ட முறை நம் வாதத்துக்கு முதல் சான்று. தாமஸ் ஓல்டம் தலைமையில் இயங்கிய அந்த ஒரே அலுவலகம் மூன்று தொடர்களை நடத்தியது. ஒரு வட்டாரத்தை முழுதாக அளந்து எழுதும் நீண்ட அறிக்கைகளுக்கு ‘மெமாயர்ஸ்’. சிறு குறிப்புகளுக்கும் ஆண்டுச் செய்திகளுக்கும் 1868-இல் தொடங்கிய ‘ரெக்கார்ட்ஸ்’. புதைபடிவ உருவங்களைப் படத்தோடு விவரிக்க மட்டும் 1861-இல் தொடங்கிய ‘பேலியண்டாலஜியா இண்டிகா’. தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களின் கிரிட்டேசியப் பாறைகளைப் பற்றி ஹென்றி பிளான்ஃபோர்டு 1860களில் எழுதியது முதல் தொடரில் வந்தது. அதே பாறைகளிலிருந்து எடுத்த உயிரெச்சங்களைப் பற்றி ஃபெர்டினாண்ட் ஸ்டாலிச்கா எழுதிய பெரும் தொகுதிகள் மூன்றாவது தொடரில் வந்தன. எழுதுவோர் ஒரே அலுவலகத்தார், நிலமும் ஒன்று. இருந்தும் மூன்று எல்லைகள் தேவைப்பட்டன. பாறை அடுக்கு எதன் மேல் எது என்பதைச் சோதிக்க நிலத்தில் நடந்தவர் வேண்டும். ஒரு சிப்பியின் வரி புதிய இனத்துக்கு உரியதா என்பதைச் சோதிக்கப் பல நாட்டு அருங்காட்சியகச் சேகரிப்புகளைப் பார்த்துப் பழகிய கண் வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கும் என்று அந்த இதழ்கள் பாவனை செய்யவில்லை. நூற்றைம்பது ஆண்டுகள் கடந்தும் அரியலூர்ப் புதைபடிவங்களைப் பற்றி எழுதுகிறவர் ஸ்டாலிச்காவின் படத்தட்டுகளைப் புரட்ட வேண்டியிருப்பது இதனால்தான்.

அதே நிலத்தின் களிமண்ணுக்கு வருவோம். விருத்தாசலம் செராமிக் ஊராகப் பெயர் பெற்றதற்குப் பின்னால் அங்குள்ள தொழிற்பேட்டையும், செராமிக் தொழில்நுட்பத்தைக் கற்றுத்தரும் கல்லூரியும், நெய்வேலிச் சுரங்கத்தைச் சுற்றிய பகுதியில் கிடைக்கும் வெண்களிமண்ணும் இருக்கின்றன. பொம்மையும் அகல் விளக்கும் மின்சாரப் பீங்கான் பொருள்களும் அங்கே சிறு கூடங்களில் உருவாகின்றன. இந்தத் தொழிலுக்கான இந்திய ஆய்விதழ், இந்திய செராமிக் கழகம் 1942 முதல் நடத்தும் ‘டிரான்சாக்‌ஷன்ஸ்’. இத்தகைய இதழ் ஒரு களிமண்ணைப் பற்றி எதைக் கேட்கும் என்று பாருங்கள். மண்ணைக் குழைத்துச் சிறு பட்டையாக அச்சில் வார்த்து, ஈரமாக இருக்கும்போதே அதன் மேல் இரண்டு கோடுகளைக் கீறி, இடைவெளியை அளந்து குறித்துக்கொள்வார்கள். நிழலில் உலர்ந்த பின் ஓர் அளவு, உலையில் சுட்ட பின் இன்னோர் அளவு. கோடுகள் எவ்வளவு நெருங்கிவந்தன என்பதே சுருக்கம். சுட்ட பட்டையை நீரில் ஊறவைத்து முன்னும் பின்னும் எடை பார்த்தால் நீர் உறிஞ்சும் அளவு தெரியும். மண்ணில் இரும்பு சிறிதளவு கூடினாலும் சுட்ட பொருள் வெண்மை இழக்கும். கரிமப் பொருள் கலந்த களிமண்ணில் சூட்டை வேகமாக ஏற்றினால் உள்ளே கருப்பு அப்படியே நின்றுவிடும். ஆகவே வேதிப் பகுப்பும், துகள் அளவும், எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் என்ற விவரமும் இல்லாமல் ‘விருத்தாசலம் மண் நல்ல மண்’ என்று எழுதி அனுப்பினால் அந்த இதழ் திருப்பி அனுப்பிவிடும். அப்படித் திருப்புவது ஊரை அவமதிப்பது ஆகாது. அதே அளவுகளை வைத்துக்கொண்டு குஜராத்தில் ஒருவர் அதே சோதனையைச் செய்து ‘இல்லை, தவறு’ என்று சொல்ல வழி இருக்க வேண்டும் என்பதே அதன் எதிர்பார்ப்பு.

கல்வெட்டியலின் சான்று இதிலிருந்து முற்றிலும் வேறு. விருத்தாசலம் கோயிலிலும், வெள்ளாற்றங்கரையில் இன்றைய பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கும் ஆடுதுறைக் கோயிலிலும் 1429-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. விஜயநகர ஆட்சியில் இரண்டாம் தேவராயர் காலம். வலங்கை 98, இடங்கை 98 சாதிப் பிரிவினர் ஒன்றுகூடி, அரச அதிகாரிகளும் நிலவுடைமைக் காணியாளரும் சுமத்திய முறையற்ற வரிகளை இனிக் கட்டுவதில்லை என்று தீர்மானித்த செய்தி அவற்றில் இருக்கிறது. இரு எதிர்ப்பிரிவுகள் கை கோத்து வரிக்கு எதிராக நின்றதைச் சொல்லும் அரிய சான்று இது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்வெட்டுத் துறையினர் அங்கே போனார்கள். கல்லைத் துலக்கி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் அடித்து எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, மேலே மை ஒற்றிப் படியெடுத்தார்கள். கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் எண்ணும் ஊரும் ஆட்சியாண்டும் சுருக்கமும் இடம்பெற்றன. அந்த அறிக்கையின் எல்லை அவ்வளவே. வரி மறுப்பைச் சமூக வரலாற்றில் எங்கே வைப்பது என்று அது விரித்துப் பேசவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து, 1980களில், நொபுரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் இந்தக் கல்வெட்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பதினைந்தாம் நூற்றாண்டுத் தமிழகத்தின் சமூக மோதலைப் பற்றிய ஆய்வாக வளர்த்தெடுத்தார்கள். முதலாமவர்கள் தங்கள் எல்லைக்குள் நின்று பதிந்து வைத்ததால்தான் இரண்டாமவர்கள் அதன் மேல் நம்பிக்கையோடு கட்ட முடிந்தது. படியெடுத்தவரே விளக்கத்தையும் கலந்து எழுதியிருந்தால், எது கல்லில் இருந்தது, எது அவர் மனத்தில் இருந்தது என்று பிரித்துப் பார்க்கவே ஓர் ஆராய்ச்சி தேவைப்பட்டிருக்கும்.

வேளாண்மையைச் சுருக்கமாகவே சொல்லலாம். விருத்தாசலத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அது வெளியிட்ட முந்திரி, நிலக்கடலை இரகங்கள் ‘வி.ஆர்.ஐ.’ என்று ஊர்ப் பெயரையே தாங்கி நிற்கின்றன. ஓர் இரகம் மற்றொன்றைவிட மேல் என்று வேளாண் இதழில் எழுத வேண்டுமானால், பல பாத்திகளில், பல பருவங்களில், ஏற்கெனவே உள்ள இரகத்தையும் பக்கத்தில் நட்டு ஒப்பிட்டிருக்க வேண்டும். ஒரு தோட்டத்தில் ஒரு வருடம் நன்றாகக் காய்த்தது என்பது அங்கே சான்றாகாது. ஆனால் கல்வெட்டியலில் ஒரே ஒரு கல் போதும், அது உண்மையான கல்லாக இருந்தால். இந்த வேறுபாட்டைத்தான் பொருள் எல்லை காக்கிறது. ஒன்றில் பலமுறை நிகழ்ந்தாக வேண்டும். இன்னொன்றில் ஒருமுறை நிகழ்ந்தது சரியாகப் பதிவாக வேண்டும். இவை இரண்டையும் ஒரே அளவுகோலால் மதிப்பிடுகிறவர் ஒன்றை நிச்சயம் தவறாக மதிப்பிடுவார்.

இதழ்கள் தொடக்கத்திலிருந்தே இப்படிப் பிரிந்து இருக்கவில்லை என்பது உண்மைதான். 1665 ஜனவரியில் பாரிஸில் தொடங்கிய ‘ஜூர்னால் தெ சாவான்’ நூல் மதிப்புரை, அறிஞர் மறைவுச் செய்தி, நீதிமன்றத் தீர்ப்பு எல்லாவற்றையும் வெளியிட்டது. அதே ஆண்டு மார்ச்சில் லண்டனில் ஹென்றி ஓல்டன்பர்க் தொடங்கிய ‘ஃபிலசாஃபிகல் டிரான்சாக்‌ஷன்ஸ்’ இயற்கை அறிவு முழுவதையும் தன் பரப்பாகக் கொண்டது. கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் நிறுவிய ஆசியக் கழகம் மனிதன் செய்தவை, இயற்கை விளைவித்தவை அனைத்தையும் தன் ஆய்வுக்குள் அடக்கிக்கொண்டது. அதன் இதழ் 1788-இல் வந்தது. சென்னையில் 1833-இல் தொடங்கிய ‘மெட்ராஸ் ஜர்னல் ஆஃப் லிட்டரேச்சர் அண்ட் சயின்ஸ்’ பெயரிலேயே இலக்கியத்தையும் அறிவியலையும் ஒன்றாக வைத்தது. அன்று இது செல்லுபடியானதற்குக் காரணம் உண்டு. ஒரு கழகத்தின் உறுப்பினர் கூடும் அறையில் அன்றைய அறிவின் எல்லாக் கிளைகளையும் ஓரளவு தெரிந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பரப்பு அகலமாக இருந்தாலும் கேள்வி கேட்கும் ஆள் எதிரிலேயே இருந்தார். அறிவு அந்த அறையைத் தாண்டி வளர்ந்தபோது இதழ்களும் பிரிந்தன. ‘ஃபிலசாஃபிகல் டிரான்சாக்‌ஷன்ஸ்’ இதழே 1887-இல் இயற்பியல் சார்ந்தது ஒன்று, உயிரியல் சார்ந்தது ஒன்று என்று இரண்டானது. சரிபார்ப்பவரின் தகுதி எங்கே முடிகிறதோ, அங்கே இதழின் எல்லையும் முடிய வேண்டும் என்ற அனுபவ அறிவே அந்தப் பிரிவினைக்கு அடிப்படை என்று நான் கொள்கிறேன்.

தமிழில் நடந்தது என்ன? 1901-இல் பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். சங்கத்தின் ‘செந்தமிழ்’ அடுத்த ஆண்டே வந்தது. ரா. இராகவையங்காரும் பின்னர் மு. இராகவையங்காரும் அதன் ஆசிரியர்கள். ஏட்டுச் சுவடியிலிருந்து நூல்களைப் பதிப்பித்தல், பாடபேதம், இலக்கணச் சிக்கல், பழம்புலவர் காலம், கல்வெட்டுச் செய்தி என்று அதன் பரப்பு தெளிவாக இருந்தது. அதைப் படித்தவர்களில் பலர் வீட்டில் சுவடி வைத்திருந்த புலவர்கள். ஒரு பாடம் பிழை என்றால் மறுப்பு வரும். தனியாக மதிப்பீட்டாளர் குழு என்று ஒன்று தேவைப்படாத அளவுக்கு வாசகரே சரிபார்ப்பவராக இருந்தார். 1911-இல் தோன்றிய கரந்தைத் தமிழ்ச் சங்கம் 1925 முதல் நடத்திய ‘தமிழ்ப்பொழி’லிலும் இதே நிலைதான். தி. வை. சதாசிவ பண்டாரத்தார் போன்றவர்கள் கல்வெட்டை அடிப்படையாகக் கொண்ட வரலாற்றுக் கட்டுரைகளை அந்தப் பக்கங்களில் எழுதினார்கள். இன்னொரு பக்கம், 1916-இல் சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சேர்ந்து தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைக் கழகத்தை அமைத்து, அறிவியல் கலைச்சொற்களை உருவாக்குவதற்கென்றே ஓர் இதழ் நடத்தினார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்பே இவ்வளவு குறுகலான எல்லையோடு ஓர் இதழைக் கற்பனை செய்தவர்கள் நம்மிடையே இருந்தார்கள் என்பதை இன்றைய இதழாசிரியர்கள் அழுத்தமாக நினைவில் கொள்ள வேண்டும். அது நெடுநாள் நடக்கவில்லை. என்றாலும் அந்தத் துணிவு பெரிது.

பரப்பு அகலமாக இருந்தும் தரம் காத்த தமிழ் இதழுக்கும் எடுத்துக்காட்டு இருக்கிறது. நா. வானமாமலை 1969-இல் பாளையங்கோட்டையிலிருந்து தொடங்கிய ‘ஆராய்ச்சி’ நாட்டார் வழக்காறு, மானிடவியல், சமூக வரலாறு, இலக்கியம், தத்துவம் என்று பலவற்றை ஏற்றது. அது தடுமாறாமல் நின்றதற்கு நெல்லை ஆய்வுக் குழு காரணம். கட்டுரைகள் பல அந்தக் குழுவின் கூட்டங்களில் படிக்கப்பட்டு, கேள்விகளுக்கு உள்ளாகி, பிறகு அச்சுக்குப் போயின. வரலாற்றைச் சமூகப் பொருளியல் அடிப்படையில் பார்ப்பது என்ற ஒரு முறை அந்தப் பலவகைக் கட்டுரைகளையும் இணைத்தது. அதாவது அந்த இதழ் தன் எல்லையைப் பாடப் பெயரால் வகுக்காமல் ஆய்வு முறையால் வகுத்துக்கொண்டது. இது என் வாதத்துக்கு எதிரான சான்று என்று தோன்றலாம். நான் இதைத் துணைச் சான்றாகவே எடுத்துக்கொள்கிறேன். அகலம் குற்றமில்லை. அகலத்துக்குத் தக்க சரிபார்ப்பு இல்லாமல் போவதே குற்றம்.

குறுகிய எல்லை எளியவரை வெளியே நிறுத்தும் என்ற அச்சத்துக்குத் தமிழகத்திலேயே நேரடியான பதில் ஒன்று இருக்கிறது. தஞ்சாவூரை மையமாகக் கொண்ட தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் ‘ஆவணம்’ இதழை நடத்திவருகிறது. அதன் பரப்பு மிகக் குறுகியது. புதிதாகக் கண்டறியப்பட்ட கல்வெட்டு, செப்பேடு, நடுகல், தொல்பொருள் ஆகியவையும் அவற்றை ஒட்டிய ஆய்வும்தான். ஆனால் அதில் எழுதியவர்களைப் பாருங்கள். பேராசிரியர்களோடு பள்ளி ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள், ஊர் வரலாற்றில் ஆர்வம் கொண்ட தனியாள்கள் என்று பலரும் இருக்கிறார்கள். எந்த ஊர், கல் எங்கே இருக்கிறது, எழுத்தின் காலம் என்ன, வரி வரியாக வாசகம் என்ன என்று கேட்கும் இதழ் அது. அந்தக் கேள்விகளுக்கு விடை தரக்கூடிய எவரும் அதில் எழுதலாம். முனைவர் பட்டம் இருக்கிறதா, எந்தப் பல்கலைக்கழகம் என்ற கேள்விக்கு அங்கே வேலை குறைவு. திட்டக்குடிப் பக்கம் ஏரி மதகில் எழுத்துள்ள கல் ஒன்றைக் காணும் ஓர் ஆசிரியர், வாசகத்தைச் சரியாகப் படித்துத் தந்துவிட்டால், அதைச் சரிபார்க்கத் தெரிந்தவர்கள் அந்த இதழில் இருக்கிறார்கள். அவர் பெயரில் அது வெளிவரும். பின்னால் உலகின் எந்த மூலையில் இருக்கும் வரலாற்றாசிரியரும் அதைச் சான்றாக எடுத்தாளலாம். சான்றின் தகுதி தெளிவாக வகுக்கப்பட்டால் ஆளின் தகுதி பின்னுக்குப் போய்விடுகிறது. குறுகிய எல்லையின் அறம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதற்கு மாறான நிலை கடந்த பதினைந்து ஆண்டுகளில் நம் கல்லூரிகளைச் சூழ்ந்தது. 2010-இல் பல்கலைக்கழக மானியக் குழு ஆசிரியர் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் கல்விச் செயல்திறன் மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தது. வெளியான கட்டுரைக்கு மதிப்பெண் உண்டு. கட்டுரைகளுக்கான தேவை திடீரென்று பெருகியது. அதை நிரப்ப இதழ்களும் பெருகின. ‘பன்னாட்டு’, ‘பன்முக’ என்ற அடைமொழிகளோடு, தமிழ் இலக்கியம், வணிகவியல், நர்சிங், கணினி, உடற்கல்வி எல்லாவற்றையும் ஒரே அட்டைக்குள் அடக்கும் இதழ்கள் தோன்றின. அவற்றின் நோக்கமும் பரப்பும் பக்கத்தில் பாடங்களின் நீண்ட பட்டியல் இருக்கும். எந்தச் சான்று ஏற்கப்படும் என்ற ஒரு வரி இருக்காது. சில நாட்களில் ஏற்பு, உடனே கட்டணம், உடனே வெளியீடு. ஐ.எஸ்.எஸ்.என். எண் ஒன்றை அட்டையில் அச்சிட்டுவிட்டால் தரச்சான்று போலத் தோற்றம் வந்துவிடும். உண்மையில் அந்த எட்டு இலக்க எண் ஓர் இதழை இன்னோர் இதழிலிருந்து அடையாளம் பிரித்துக் காட்டுவது மட்டுமே. உள்ளடக்கத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. 2017-இல் மானியக் குழு வெளியிட்ட ஏற்புப் பட்டியலில் சுமார் 38,000 இதழ்கள் இருந்தன. பூஷண் பட்வர்தனும் உடனாய்வாளர்களும் அந்தப் பட்டியலில் பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்த இதழ்களிலிருந்து மாதிரி எடுத்து ஆராய்ந்து, 2018-இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். விரிவாகப் பரிசோதித்த 1,009 இதழ்களில் 112 மட்டுமே அடிப்படைத் தகுதியைத் தாண்டின. 88 சதவீதத்துக்கும் மேல் தேறவில்லை. அதே ஆண்டு மே மாதம் 4,305 இதழ்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. நவம்பரில் ‘கேர்’ என்ற புதிய ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. அந்தப் பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டு, இதழ்களைத் தெரிவு செய்யும் பொறுப்பு நிறுவனங்களிடமே விடப்பட்டது. முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தருமுன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயமும் 2022 விதிகளில் எடுக்கப்பட்டது. பட்டியல்கள் வரும், போகும். இதழைத் தெரிவு செய்யும் கல்லூரிக் குழுவின் முன்னால் இன்று இருக்கும் உறுதியான ஆவணம் அந்த இதழின் பரப்புக் குறிப்பும் அதன் ஆசிரியர் குழுவின் பெயர்களும்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். பரப்பில் இருக்கும் துறை ஆசிரியர் குழுவில் இல்லை என்றால், அந்தத் துறைக் கட்டுரையை அங்கே யாரும் படிக்கப் போவதில்லை.

இந்த நிலைப்பாட்டுக்கு எதிராக வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது, இன்றைய பெரிய கேள்விகள் துறை எல்லைக்குள் அடங்குவதில்லை என்பது. கீழடியில் கிடைத்த ஒரு பானையோட்டை எடுத்துக்கொள்வோம். அதன் மேல் கீறிய தமிழி எழுத்து கல்வெட்டியலுக்கு உரியது. அது கிடந்த மண்ணடுக்கின் கரிமத் துண்டுக்குக் காலம் கணிப்பது இயற்பியலர் வேலை. ஓட்டின் மண் எந்தச் சூட்டில் சுடப்பட்டது என்பதைச் செராமிக் அறிந்தவர் சொல்ல வேண்டும். இந்த மூன்றையும் தனித்தனி இதழ்களில் சிதறவிட்டால் பானையோடு முழுமையாக எங்கே கிடைக்கும்? நியாயமான கேள்வி. ஆனால் இதற்கு விடை எல்லையை அழிப்பதில் இல்லை. மூன்று வகைச் சான்றுகளையும் மூன்று வகை ஆட்களிடம் காட்டுவேன் என்று ஓர் இதழ் வாக்குக் கொடுப்பதில் இருக்கிறது. 1932-இல் பெங்களூரில் தொடங்கிய ‘கரண்ட் சயின்ஸ்’ அறிவியலின் எல்லாத் துறைகளையும் ஏற்கிறது. ஒவ்வொன்றையும் அந்தந்தத் துறையாரிடம் அனுப்புகிறது. 2006-இல் வந்த ‘பிளாஸ் ஒன்’ இன்னும் ஒரு படி போய், புதுமை எவ்வளவு, முக்கியத்துவம் எவ்வளவு என்ற மதிப்பீட்டைத் தன் எல்லைக்கு வெளியே வைத்தது. முறை சரியாக இருக்கிறதா, தரவு முடிவைத் தாங்குகிறதா என்பதை மட்டும் கேட்பேன் என்றது. அதுவும் கறாரான எல்லைதான். பாடத்தின் மேல் கோடு போடாமல் முறையின் மேல் கோடு போட்டது.

இரண்டாவது மறுப்பு தமிழின் நிலையைப் பற்றியது. ஆங்கிலத்தில் ஒரு துணைத் துறைக்கே பல இதழ்கள் நடக்கலாம். தமிழில் எழுதுவோரும் படிப்போரும் குறைவு. குறுகிய எல்லை போட்டால் இதழ் இரண்டாம் ஆண்டிலேயே நின்றுவிடும் என்கிறார்கள். சேலத்துப் பரிபாஷை இதழின் ஆயுளை இதற்குச் சான்றாகவும் காட்டலாம். என் பதில் இது. ஓர் இதழ் மாதந்தோறும் வரவேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. ஆண்டுக்கு ஒன்று வந்தாலும் போதும் என்று எல்லையை மாற்றாமல் காலத்தை நீட்டிக்கொள்ளலாம். தொல்லியல் போன்ற சிறு துறையில், அரசுப் பதவியின் பலம் இல்லாமல், ஒரு கழகம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓர் இதழைக் காத்துவருகிறதே! பக்கத்தை நிரப்புவதற்காகப் பரப்பை விரிக்கும் இதழ், தன்னை நம்பி எழுதிய நல்ல கட்டுரையையும் நம்பகமில்லாத கூட்டத்தின் நடுவில் புதைத்துவிடுகிறது. பத்தாண்டு கழித்து அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்ட வருகிறவர் இதழின் பெயரைப் பார்த்துத் தயங்குவார். சிறு ஊர்க் கல்லூரி ஆசிரியர் ஒருவர் பல மாதம் உழைத்து எழுதியது அப்படிப் போவது பெரும் அநீதி. இதை நான் கோபத்தோடுதான் சொல்கிறேன்.

மூன்றாவது மறுப்பே எனக்குக் கடினமானது. துறைகளின் எல்லைகளை வகுத்தவர்கள் நம்மவர் அல்லர். லண்டனிலும் கல்கத்தாவிலும் வகுத்த கோடுகளுக்குள் நம் மண்ணை வெட்டிப் பொருத்துகிறோம். சூளைக்காரரின் கைப்பழக்க அறிவு எந்த இதழின் பரப்பிலும் இல்லையே என்பது. இதில் உண்மை இருக்கிறது. விருத்தாசலத்தில் ஒரு சிறு கூடத்தில் மண் கலவையை மாற்றியதும் ஒரு சூளை முழுவதும் விரிசல் விட்டால், அந்தத் தோல்வியை எழுத இன்று இடமில்லை. ஆங்கிலச் செராமிக் இதழ்களின் ஆர்வம் உயர்தொழில்நுட்பப் பீங்கான் பக்கம் வெகுவாக நகர்ந்துவிட்டது. பொம்மைக்கும் அகலுக்குமான களிமண் அங்கே பழைய செய்தி. தமிழ் இதழ்களோ செராமிக்கை ஆய்வுப் பொருளாகவே கருதுவதில்லை. ஆனால் இதற்கும் மருந்து எல்லையில்லாத இதழ் ஆகாது. வேறொரு கோட்டை நாமே போட வேண்டும். தமிழகத்தின் களிமண்ணும் சுட்ட மண்ணும் என்று ஒரு தமிழ் ஆய்விதழ் தன் பரப்பை வகுத்துக்கொள்ளட்டும். சரிபார்க்கும் ஆட்கள் கைக்கெட்டும் தொலைவிலேயே இருக்கிறார்கள். விருத்தாசலத்திலேயே செராமிக் கல்லூரி ஆசிரியர்களும் வேளாண் நிலையத்தில் மண்ணைச் சோதிப்பவர்களும் இருக்கிறார்கள். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறை இருக்கிறது. பானையோட்டின் காலம் பேச வந்தால் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் அதற்கு உரியவர்கள் இருக்கிறார்கள்.

அந்த இதழின் பரப்புக் குறிப்பு இப்படி இருக்கலாம். மண் எடுத்த இடமும் ஆழமும் குறிக்கப்படாத கட்டுரை ஏற்கப்படாது. சுட்ட சூடு, சூட்டை ஏற்றிய வேகம், சுருக்கம், நீர் உறிஞ்சும் அளவு ஆகியவை கட்டாயம் தரப்பட வேண்டும். அகழாய்வு ஓடு என்றால் அடுக்கு எண் வேண்டும். மண்பாண்டம் பற்றிய இலக்கியக் குறிப்புகள், பொம்மை விற்பனை பற்றிய கருத்துக் கணிப்புகள் ஆகியவற்றை அது வாங்க வேண்டியதில்லை. அவற்றுக்கு வேறு இதழ்கள் உண்டு. அதே வேளையில், தோற்றுப்போன சூளைகளுக்கென்று அதில் ஒரு நிலையான பகுதி இருக்க வேண்டும். எந்த மண்ணில் எதை எவ்வளவு கலந்தார்கள், எத்தனை மணி நேரத்தில் உச்சச் சூடு வந்தது, சூளையின் எந்த அடுக்கில் இருந்த பொருள்கள் வெடித்தன, உடைத்துப் பார்த்தபோது உள்ளே கருப்பு இருந்ததா என்பதை எழுதித்தரச் சூளைக்காரருக்குப் பட்டம் தேவையில்லை. அவர் சொல்ல இன்னொருவர் எழுதினாலும் கட்டுரை அவர் பெயரிலேயே வரவேண்டும். அந்தக் குறிப்பை இருவர் பார்த்துக் கையொப்பமிட வேண்டும்: சூளை போட்டுப் பழகியவர் ஒருவர், ஆய்வுக்கூடத்தில் அளந்து பழகியவர் ஒருவர்.